கார்டா, காதா? ஜப்பானிய மொழி படிக்க எதை முதலில் பிடிப்பது

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து அக்கா மகள் போன் செய்தாள். நர்சிங் முடித்துவிட்டு ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போவதென்று முடிவெடுத்திருக்கிறாள். "சித்தி, ஒருத்தர் கார்டு போட்டாலே போதும்ங்கறாங்க. இன்னொருத்தர் கார்டே வேண்டாம், கேட்டுட்டே இருந்தா தானா வந்துரும்ங்கறாங்க. நான் எதைப் பண்ணட்டும்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாக ஆலையில் ஏழு வருடமாக ஜப்பானிய மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். இரண்டு வழியிலும் போய்ப் பார்த்தவள். இரண்டிலும் அடிபட்டவள். அவளுக்குப் போனில் ஒரு மணி நேரம் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்வியை ஆலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளும் கேட்கிறார்கள். இணையத்தில் கிடைக்கும் பதில்களில் பெரும்பாலானவை ஆங்கிலம் பேசுபவர்கள் ஆங்கிலம் பேசுபவர்களுக்காக எழுதியவை. அது நமக்கு அப்படியே பொருந்தாது.

முதலில், இரண்டும் என்ன என்று பார்த்துவிடலாம்.

கார்டு என்றால் இன்றைக்குப் பெரும்பாலும் ஆங்கி என்ற செயலிதான். டேமியன் எல்ம்ஸ் என்பவர் 2006-இல் வெளியிட்டது. அந்தப் பெயரே ஜப்பானியச் சொல், மனப்பாடம் என்று பொருள். கணினியிலும் ஆண்ட்ராய்டு போனிலும் இலவசம், ஐபோனில் மட்டும் ஒருமுறை காசு கட்டி வாங்க வேண்டும். முன்பக்கம் ஒரு சொல், பின்பக்கம் அதன் பொருளும் ஒலியும். நினைவுக்கு வந்ததா இல்லையா என்று நீங்கள் சொல்ல வேண்டும். வந்தால் அந்தக் கார்டு சில நாள் கழித்து வரும், அப்புறம் சில வாரம் கழித்து, அப்புறம் சில மாதம் கழித்து. வராவிட்டால் உடனே திரும்ப வரும். படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று ஜெர்மனியில் எபிங்ஹாஸ் தன்னையே வைத்துச் சோதித்து 1885-இல் எழுதினார். மறக்கப் போகும் நேரம் பார்த்து மறுபடி காட்டுவதுதான் ஆங்கியின் முழு வேலையும்.

மற்ற வழியை இம்மெர்ஷன் என்கிறார்கள். நான் ஊறுவது என்பேன். இலக்கணப் பாடமும் பட்டியலும் கொஞ்சமாக இருந்தால் போதும், மொழியைக் கேட்டும் படித்தும் அதிலேயே கிடக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. ஓரளவு புரிந்து கொஞ்சம் மட்டும் புரியாமல் இருக்கும் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தால் மொழி உள்ளே இறங்கும் என்று ஸ்டீபன் கிராஷன் 1980-களில் பரப்பிய கருத்துதான் இதற்கு வேர். அந்த 'ஓரளவு புரிந்து' என்ற நிபந்தனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் சிக்கலே தொடங்குகிறது.

கார்டு எங்கே ஜெயிக்கிறது

ஜப்பானிய எழுத்து மூன்று வகை. ஹிரகானா 46, கட்டகானா 46. இந்த இரண்டையும் கையால் எழுதி எழுதியே இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம், கார்டுகூட வேண்டாம். மூன்றாவது காஞ்ஜி, சீனத்திலிருந்து வந்த, பொருளைக் குறிக்கும் எழுத்து. அன்றாடப் பயன்பாட்டுக்கென்று ஜப்பானிய அரசு வைத்திருக்கும் பட்டியலில் 2010 திருத்தத்துக்குப் பிறகு 2136 காஞ்ஜிகள் இருக்கின்றன. நம் 247-ஐ ஒன்றாம் வகுப்பில் படித்த நினைவோடு இதைப் பார்த்தால் மூச்சு முட்டும்.

காஞ்ஜியில் என்ன கஷ்டம் என்று ஒரே ஒரு குடும்பத்தை எடுத்துக் காட்டுகிறேன். புத்தக் கோயிலைக் குறிக்கும் ஒரு காஞ்ஜி இருக்கிறது. அதை வலப்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் சூரியனைச் சேர்த்தால் 'நேரம்'. கையைச் சேர்த்தால் 'பிடித்திரு'. நடையைக் குறிக்கும் மூன்று கோடுகளைச் சேர்த்தால் 'காத்திரு'. பேச்சைச் சேர்த்தால் 'கவிதை'. ஆளைச் சேர்த்தால் சாமுராய். ஐந்துக்கும் வலப்பாதி ஒன்றே, இடப்பாதி மட்டும் மாறும். ஓடுகிற படத்தில் இவற்றைப் பார்த்தால் கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். 'பிடித்திரு'வையும் 'காத்திரு'வையும் நான் நான்கு மாதம் மாற்றி மாற்றிப் படித்தேன். இரண்டையும் அடுத்தடுத்த கார்டாகப் போட்டு, தினமும் கண் முன்னால் நிறுத்திய பிறகுதான் தெளிந்தது. கார்டு ஒரு எழுத்தைப் பிடித்து நிறுத்தி, 'இது எது, சொல்' என்று கேட்கும். ஊறுவதில் அந்தக் கண்டிப்பு கிடையாது. கதை ஓடும், நாமும் கூடவே ஓடிவிடுவோம்.

கணக்கும் கார்டின் பக்கம்தான். ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் இப்போது என்5 (எளிது) முதல் என்1 (கடினம்) வரை ஐந்து நிலைகள், 2010-க்கு முன் நான்கு. அப்போது தந்த அளவுகோலின்படி, இன்றைய என்4-க்கு இணையான மூன்றாம் நிலைக்குச் சுமார் 300 காஞ்ஜி, 1500 சொல். ஒரு நாளைக்குப் புதிதாக 12 கார்டு வைத்தால் 125 நாளில் 1500 சொல்லையும் ஒருமுறை தொட்டுவிடலாம். பழைய கார்டுகளின் மறுபார்வையும் சேர்த்து தினம் அரை மணிக்குள் முடிந்துவிடும். மருத்துவமனையில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் பெண்ணுக்கு இப்படி அளந்து செய்யக்கூடிய வேலை பெரிய உதவி.

சொல்லே தெரியாமல் ஊற முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு கதையைப் பிறர் துணையில்லாமல் படித்துப் புரிந்துகொள்ள, அதில் உள்ள சொற்களில் ஏறக்குறைய 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்வள ஆய்வாளர் பால் நேஷனும் அவரோடு ஆய்ந்தவர்களும் கண்டார்கள். நூறு சொல்லுக்கு இரண்டுதான் தெரியாமல் இருக்கலாம். முதல் மாதத்தில் நமக்கு நூற்றுக்குத் தொண்ணூறு தெரியாது. அந்த நிலையில் நாள் முழுக்க ஜப்பானிய ரேடியோவை ஓடவிட்டாலும் அது காதுக்கு மழைச் சத்தம்தான்.

கார்டு எங்கே கைவிடுகிறது

இது என் கதை. முதல் வருடம் நான் கார்டு மட்டுமே போட்டேன். ஒரு நாளைக்கு 25 புதிய கார்டு. பஸ்ஸில், கேன்டீனில், தூங்கப் போகும் முன் என்று எப்போதும் கையில் போன். நான்காம் மாதம் பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஒன்பது நாள் ஆங்கியைத் திறக்கவில்லை. திரும்பி வந்து திறந்தால் 900-க்கு மேல் கார்டு காத்திருந்தது. அதைத் தீர்க்கவே மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் ஜப்பானிய மொழியில் ஒரு முழு வாக்கியம்கூட நான் கேட்கவில்லை, படிக்கவில்லை.

அந்த டிசம்பரில் என்4 எழுதினேன். என்4-இல் மொத்தம் 180 மதிப்பெண்ணுக்கு 90 எடுக்க வேண்டும். அதோடு, சொல், இலக்கணம், வாசிப்பு சேர்ந்த பகுதியில் 120-க்கு 38-ம், கேட்டல் பகுதியில் 60-க்கு 19-ம் தனித்தனியாக எடுத்தாக வேண்டும். நான் எடுத்தது 84-ம் 17-ம். மொத்தம் 101, தேவைக்கு 11 அதிகம். இருந்தும் தோல்வி. கேட்டல் பகுதியில் ஒலி ஒரே ஒருமுறைதான் ஓடும். ஒரு சொல்லைக் கேட்டு, மனசுக்குள் அந்தக் கார்டைத் தேடி, திருப்பிப் பார்த்துப் பொருள் எடுப்பதற்குள் பேசுகிறவர் மூன்று வாக்கியம் தாண்டியிருந்தார். எனக்குத் தெரியாத சொல் அதில் அதிகம் இல்லை. தெரிந்த சொல்லே ஓடும் பேச்சில் அடையாளம் தெரியவில்லை.

வேகம் மட்டும் குறை இல்லை, பொருளும் நழுவும். தைஜோபு என்ற சொல்லுக்கு என் கார்டில் 'சரி, பிரச்சினை இல்லை' என்று இருந்தது. ஜப்பானில் 2020 ஜூலையிலிருந்து கடைகளில் பிளாஸ்டிக் பைக்குக் காசு வாங்க வேண்டும் என்று ஆனது. அதனால் பை வேண்டுமா என்று கடைக்காரர் கேட்பது அன்றாடம் காதில் விழும் பேச்சு. அப்படி ஒரு உரையாடலைக் கேட்டேன். வாங்க வந்தவர் "தைஜோபு தெஸ்" என்கிறார். சரி என்கிறார், பை கொடுப்பார்கள் என்று நான் நினைத்தேன். கொடுக்கவில்லை. அவர் சொன்னது 'வேண்டாம்'. நாம் ஒரு வீட்டுக்குப் போகும்போது "காபி சாப்பிடறீங்களா?" என்று கேட்டால் "இல்ல, பரவால்ல, இருக்கட்டும்" என்போமே, அதே 'பரவாயில்லை'. இதைக் கார்டின் பின்பக்கத்தில் எழுதி வைக்கலாம்தான். ஆனால் பத்து இடத்தில் பத்துப் பேர் சொல்லக் கேட்டால்தான், எந்தக் குரலில் வந்தால் சரி, எந்தக் குரலில் வந்தால் வேண்டாம் என்பது பிடிபடும்.

ஊறுவதில் உள்ள குழி

அப்படியானால் முழுக்க ஊறிவிடலாமா? என் பெரியம்மா மகன் அப்படித்தான் செய்தான். கல்லூரியிலிருந்து அனிமே என்ற ஜப்பானிய கார்ட்டூன் தொடர்கள் பார்க்கிறான், நூற்றுக்கணக்கான மணி நேரம் இருக்கும். எல்லாமே ஆங்கில சப்டைட்டிலோடு. ஐந்து வருடம் கழித்து அவனுக்கு முப்பது நாற்பது சொல் தெரியும், ஒரு வரியும் படிக்கத் தெரியாது. காது ஜப்பானியத்தில் இருந்தாலும் மூளை ஆங்கிலத்தை வாசித்துக்கொண்டிருந்தது. சப்டைட்டில் வேண்டுமென்றால் ஜப்பானிய எழுத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள். நடுவில் இன்னொரு மொழி இருந்தால் அது ஊறுவதாகாது.

இன்னொரு ஆபத்து மரியாதை. சண்டைக் கதைகளில் வீரன் எதிரியை ஒமாயே என்று கூப்பிடுவான். அதைக் கேட்டுப் பழகிய பிள்ளைகள் 'நீ' என்பதற்கு அதுதான் சொல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வேலை இடத்தில் ஒரு பெரியவரிடம் அதைச் சொல்வது, நம் ஊரில் மேலாளரை 'டேய்' என்று கூப்பிடுவதற்குச் சமம். பராமரிப்பு இல்லத்தில் எண்பது வயதுப் பாட்டியிடம் பேசப் போகிறவள் எதில் ஊறுகிறாள் என்பது ரொம்ப முக்கியம்.

நல்லபடி ஊற வேண்டுமென்றால் உங்கள் நிலைக்குச் சற்றே மேலே இருக்கும் சரக்கு வேண்டும். ததோக்கு என்று ஜப்பானில் ஒரு வாசிப்பு இயக்கம் இருக்கிறது. பொருள், நிறையப் படிப்பது. மிக எளிதானதிலிருந்து தொடங்கு, அகராதி பார்க்காதே, புரியாததைத் தாண்டிப் போ, ஓடவில்லை என்றால் வேறு புத்தகம் எடு. அவ்வளவுதான் விதி. தொடக்க நிலையிலிருந்து படிப்படியாக எழுதிய சிறு கதைகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். ஜப்பான் அரசு சார்ந்த பண்பாட்டு நிறுவனமான ஜப்பான் ஃபவுண்டேஷன் வெளியிட்ட இரோடோரி பாடநூலும் அதன் ஒலிக்கோப்புகளும் இலவசம். ஜப்பானுக்கு வேலைக்கு வருபவர்களை மனதில் வைத்துச் செய்தது. கேட்கத் தொடங்க அதுவே போதும்.

தமிழ் பேசுகிறவருக்குத் தராசு ஏன் சாய்கிறது

அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் தன் ஊழியர்களுக்கு ஜப்பானியம் கற்பிக்க 2200 வகுப்பு மணி நேரம் என்று கணக்கு வைத்திருக்கிறது, மிகக் கடினமான மொழிகளின் வரிசையில். இதைப் பார்த்து மலைத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்களுக்கான கணக்கு.

'நேற்று ஆசிரியர் வாங்கிய புத்தகத்தைப் படித்துப் பார்த்தேன்.' இதை ஜப்பானியத்தில் சொன்னால் 'கினோ சென்செய் கா கத்தா ஹோன் ஓ யோந்தே மித்தா'. நேற்று, ஆசிரியர், வாங்கிய, புத்தகத்தை, படித்து, பார்த்தேன். ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. 'ஐ' உருபு இருக்கும் இடத்தில் 'ஓ' இருக்கிறது. 'வாங்கிய புத்தகம்' என்ற பெயரெச்சம் அப்படியே இருக்கிறது. 'படித்துப் பார்' என்று நாம் சொல்லும் அந்தப் 'பார்'கூட அங்கே பார்க்கும் மிரு என்ற வினைதான். 'எழுதி வை' என்பதற்கு, வைப்பதைக் குறிக்கும் ஒக்கு சேர்ப்பார்கள். 'எடுத்து வா', 'எடுத்துப் போ' இரண்டிலும் வா, போ அப்படியே வரும். 'மறந்துவிட்டேன்' என்பதில் நம் 'விடு' செய்கிற வேலையை ஷிமௌ செய்கிறது. 'சாப்பிட்டுக்கொண்டு இரு' என்பதில் வரும் 'இரு'வுக்கு அங்கேயும் 'இரு' என்றே ஒலிக்கும் வினை. இந்த ஒலி ஒற்றுமை தற்செயலாக இருக்கலாம், ஆனால் வகுப்பில் முதன்முதலில் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. ஆங்கிலக்காரர்கள் மாதக்கணக்கில் போராடும் இடம் இது. நாம் ஒரு மாலையில் கடந்துவிடுவோம்.

இது, அது, எது என்பதற்கு ஜப்பானியத்தில் கொரே, அரே, தொரே. நடுவில் சொரே என்று ஒன்று உண்டு, கேட்பவர் பக்கம் இருக்கும் பொருளுக்கு. சென்னைப் பிள்ளைகள் இதில் குழம்புவார்கள். யாழ்ப்பாணத்தவருக்குக் குழப்பம் குறைவு, அங்கே 'உது', 'உவர்' இன்னும் பேச்சில் இருக்கிறது. எனக்குக் கொடுப்பதற்குக் குரெரு, மற்றவருக்குக் கொடுப்பதற்கு அகெரு என்று இரண்டு வினை இருப்பதும் முதலில் விசித்திரமாகத் தெரியும். தன்மைக்கும் முன்னிலைக்கும் 'தா', படர்க்கைக்குக் 'கொடு' என்று தொல்காப்பியம் பிரித்து வைத்ததை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். முன்னிலையில் மட்டும் கொஞ்சம் விலகும், உங்களுக்குத் தருவதும் அங்கே அகெருதான்.

தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று சுசுமு ஓனோ (1919–2008) என்ற ஜப்பானிய அறிஞர் பல வருடம் எழுதிவந்தார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. எனக்கு அந்த விவாதத்தில் தீர்ப்புச் சொல்லத் தகுதி இல்லை. கற்கும் ஒருவருக்கு இந்த ஒற்றுமை கையில் கிடைத்த முதலீடு என்பது மட்டும் நிச்சயம்.

இதனால் என்ன ஆகிறது என்றால், ஆங்கிலத்தில் எழுதும் ஆலோசகர்கள் இலக்கணத்துக்கு ஒதுக்கச் சொல்லும் நேரத்தில் பெரும்பங்கு நமக்கு மிச்சம். அந்த மிச்சத்தைக் கேட்பதற்குக் கொடுக்க வேண்டும் என்பதே என் கருத்து. வாக்கியத்தின் எலும்பு நமக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால், சொல் ஐந்நூறு சேர்ந்தாலே நாம் ஊறத் தொடங்கலாம். ஆங்கிலக்காரர் அதே ஐந்நூறு சொல்லோடு வாக்கியம் முடியும்வரை வினைக்காகக் காத்துத் தவிப்பார். நமக்கு வினை கடைசியில் வருவது வீட்டுப் பழக்கம்.

காதிலும் ஒரு கொடுப்பினை உண்டு. ஒபசான் என்றால் அத்தை, சித்தி. ஒபாசான் என்றால் பாட்டி. குறில் நெடில் பிரித்துக் கேட்கக் 'கல்', 'கால்' சொல்லி வளர்ந்த காதுக்குத் தனிப் பயிற்சி வேண்டாம்.

ஆனால் ஒரு இடத்தில் நாம் வழுக்குவோம். கின் என்று மெலிதாகச் சொன்னால் தங்கம், அதிர்த்துச் சொன்னால் வெள்ளி. தமிழில் இரண்டுக்கும் 'கின்' என்றே எழுதுவோம். இதைவிட மோசம் தைகாக்கு. முதல் எழுத்தை 'தண்ணீர்' என்பதில் போலச் சொன்னால் படிப்பை விட்டு விலகுவது, 'தர்மம்' என்பதில் போலச் சொன்னால் பல்கலைக்கழகம். எங்கே படித்தீர்கள் என்று கேட்கும் நேர்காணலில் இந்த இரண்டையும் மாற்றிவிடக் கூடாது. ஆகவே கார்டில் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதவே எழுதாதீர்கள். இந்தக் கட்டுரையில் நான் எழுதுவது உங்களுக்குக் காட்டுவதற்காக மட்டும். கார்டில் ஹிரகானாவும் ஒலியும் இருக்கட்டும்.

பொருளை மட்டும் தமிழில் எழுதுங்கள். இதை நான் தாமதமாகத்தான் கண்டுகொண்டேன். இணையத்தில் 1500 சொல் கொண்ட ஆயத்தக் கட்டுகள் இலவசமாகக் கிடைக்கின்றன, காய்ஷி என்பது அதில் நல்ல ஒன்று. ஆனால் பொருள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். கக்கெரு என்ற வினையை எடுங்கள். ஆங்கிலக் கார்டில் 'தொங்கவிடு' என்ற பொருளில் தொடங்கி ஏழெட்டுப் பொருள் வரிசையாக இருக்கும், ஒன்றுக்கொன்று தொடர்பே தெரியாது. போன் செய்வதற்கும் கண்ணாடி அணிவதற்கும் கதவைப் பூட்டுவதற்கும் அதே கக்கெருதான். தமிழில் யோசித்துப் பாருங்கள்: போன் போடு, கண்ணாடி போடு, பூட்டுப் போடு. ஒரே சொல். நான் ஆங்கிலப் பொருள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு 'போடு' என்று எழுதினேன், அதற்குப் பிறகு அந்தக் கார்டு என்னைத் தொந்தரவு செய்ததே இல்லை. போட்டோ எடுப்பதற்கும் லீவு எடுப்பதற்கும் சொல்லும் தொரு அப்படியே நம் 'எடு'. எழுதுகிற காஞ்ஜி மட்டும் வேறுபடும்.

அக்கா மகளுக்கு இன்னும் ஒன்று இருக்கிறது. ஜப்பானிய முதியவர்கள் வலியைச் சொல்லும்போது இரட்டைக்கிளவியில் சொல்வார்கள். ஜுக்கி ஜுக்கி என்றால் விண்விண்ணென்று தெறிக்கிறது. ஹிரி ஹிரி என்றால் திகுதிகுவென எரிகிறது. சிக்கு சிக்கு என்றால் சுருக் சுருக்கென்று குத்துகிறது. முக்க முக்க, குமட்டிக்கொண்டு வருகிறது. நம் பாட்டிகளும் இப்படித்தானே சொல்கிறார்கள்? ஆங்கிலத்தில் 'கூர்மையான வலி' என்று மனப்பாடம் செய்தால் இது ஒட்டாது. தமிழ்ப் பொருளோடு கார்டு போட்டு, ஒரு மூத்த குரல் அதைச் சொல்லக் கேட்டும் விட்டால் போகாது.

வகுப்பு

வகுப்பு என்ற மூன்றாம் வழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாய் திறந்து பேசவும், தப்பைத் திருத்தவும் ஒரு ஆள் வேண்டும். அதற்கு வகுப்பு போல் எதுவும் இல்லை. ஜே.எல்.பி.டி.யில் பேச்சுத் தேர்வு கிடையாது என்பதால் பலர் பேசாமலேயே என்3 வரை வந்துவிடுகிறார்கள், நேர்காணலில் உட்கார்ந்ததும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. சென்னையில் இந்தத் தேர்வை நடத்தும் ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் என்ற அமைப்பு வகுப்பும் எடுக்கிறது. அருகில் வகுப்பு இல்லை என்றால் வாரம் ஒருமுறை இணையத்தில் அரை மணி நேரம் யாரோடாவது பேசுங்கள். வகுப்பு மட்டும் போதும் என்று மட்டும் நினைக்க வேண்டாம், வாரத்துக்கு நான்கு மணி நேரத்தில் எந்த மொழியும் வந்ததில்லை.

என் தீர்ப்பு

தேதி இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அக்கா மகளுக்குத் தேதி இருக்கிறது. 2019 ஏப்ரலில் தொடங்கிய எஸ்.எஸ்.டபிள்யூ. என்ற திறன் பணியாளர் விசாவில் பராமரிப்பு வேலைக்குப் போக, என்4 அல்லது ஜே.எஃப்.டி. பேசிக் என்ற ஜப்பான் ஃபவுண்டேஷனின் அடிப்படை மொழித் தேர்வு வேண்டும். அதோடு பராமரிப்புத் திறன் தேர்வும், பராமரிப்புக்கான ஜப்பானிய மொழித் தேர்வும் உண்டு. ஜே.எஃப்.டி. கணினியில் எழுதுவது, வருடத்தில் பலமுறை நடக்கும், 250-க்கு 200 எடுக்க வேண்டும். ஜே.எல்.பி.டி. ஜூலையிலும் டிசம்பரிலும் மட்டும். அவளுக்கு எட்டு மாதம் இருக்கிறது, நாளுக்கு ஒன்றரை மணி நேரம் கிடைக்கும்.

அவளுக்கு நான் சொன்னது: முதல் நான்கு மாதம் கார்டு முன்னால் போகட்டும், காது பின்னால் வரட்டும், ஆனால் காதை ஒரு நாளும் விட்டுவிடாதே. தினம் 12 புதிய கார்டு, அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். ஆங்கி தொடக்கத்தில் 20 என்று வைத்திருக்கும், அதைக் குறைத்துவிடு. 2023 கடைசியில் வந்த பதிப்பிலிருந்து கார்டு எப்போது திரும்ப வர வேண்டும் என்று கணிக்கும் எஃப்.எஸ்.ஆர்.எஸ். என்ற புதிய கணக்கு முறை இருக்கிறது, அதை இயக்கு. எவ்வளவு நினைவில் நிற்க வேண்டும் என்ற இடத்தில் 90 சதவீதம் இருக்கும். ஷிஃப்ட் கடினமான மாதத்தில் அதை 85 ஆக்கினால் சுமை குறையும். எட்டு முறை மறந்த கார்டை ஆங்கி லீச் என்று குறிக்கும். லீச் என்றால் அட்டைப்பூச்சிதான், நேரத்தை உறிஞ்சும் கார்டு. அதை மீட்கப் போராடாதே. விட்டுவிடு. முக்கியமான சொல்லாக இருந்தால் கேட்கும்போது தானாக வந்து எதிரில் நிற்கும்.

ஐந்தாம் மாதத்திலிருந்து தலைகீழ். ஆயத்தக் கட்டை நிறுத்திவிட வேண்டும். ஒரு மணி நேரம் கேட்பதும் வாசிப்பதும், அதில் திரும்பத் திரும்ப இடறும் சொற்களை மட்டும், கேட்ட வாக்கியத்தோடு சேர்த்து, தினம் ஐந்துக்கு மிகாமல் கார்டாக்குவது. கணினியில் யோமிதான் என்ற இலவச அகராதியைப் போட்டால் சொல்லின் மேல் சுட்டியை வைத்ததும் பொருள் வரும், ஒரு சொடுக்கில் ஆங்கிக்கும் போய்விடும். கடைசி மாதம் புதிய கார்டே கிடையாது. அதிகாரப்பூர்வ மாதிரித் தாள்கள் தேர்வின் இணையதளத்தில் இலவசமாக இருக்கின்றன, கேட்டல் பகுதியை நேரம் வைத்து, நிறுத்தாமல், ஒரே முறை ஓடவிட்டுச் செய்ய வேண்டும். நான் 17-இல் விழுந்த இடம் அதுதான். அடுத்த ஜூலைக்கு இப்படித்தான் தயாரானேன், கேட்டலில் 38 வந்தது.

தேதி இல்லாதவர்களுக்கு, அதாவது மொழி மேல் ஆசைப்பட்டுப் படிப்பவர்களுக்கு, வேறு மாதிரி சொல்வேன். ஐந்நூறு அறுநூறு சொல்வரை மட்டும் கார்டு. பிறகு முழுக்க ஊறுங்கள். மெதுவாகத்தான் போகும், ஆனால் நடுவில் விட்டுவிட மாட்டீர்கள். கார்டு மட்டும் போட்டு ஒரு வருடம் தாண்டியும் தொடர்கிறவர்களை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். கதை பிடித்துப்போய்ப் படிக்கிறவர்கள் யாரும் சொல்லாமலேயே தொடர்கிறார்கள்.

என்2, என்1 என்று போகிறவர்களுக்குக் காஞ்ஜிக் கார்டு மறுபடி தேவைப்படும். அது வேறு கட்டம். அங்கே வாசிப்பே நாளுக்கு இரண்டு மணி நேரம் இல்லாமல் எதுவும் நடக்காது.

நேற்று இரவு அக்கா மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். ஆயத்தக் கட்டில் இல்லாமல் அவளே செய்த முதல் கார்டு. முன்பக்கம் எழுத்தே இல்லை, ஒரு ஒலிக்கோப்பு மட்டும். அழுத்தினால் வயதான ஒரு பெண் குரல் "ஜுக்கி ஜுக்கி" என்கிறது. பின்பக்கம் தமிழில் 'விண்விண்'.

"தலையா, பல்லா கண்ணு?" என்று கேட்டேன்.

"முழங்கால் சித்தி. அந்தப் பாட்டி வீடியோல தடவிட்டே சொல்றாங்க, பாருங்க" என்றாள்.